காற்றுக் கசியும் பஸ்ஸில் கற்பிட்டிக்கு

பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுத் திரும்பினால் கற்பிட்டிக்குப் போகும் பாதை. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். வடக்கு நோக்கிப் போகையில் இடது பக்கம் கடல், வலது பக்கம் புத்தளம் களப்பு. நடுவில் நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் மணல் தரையில்தான் ஊர்கள் எல்லாம் இருக்கின்றன. பாலாவியைச் சுற்றி உப்பளங்கள். அதற்கப்பால் தென்னந்தோப்புகள், வெங்காயம், மிளகாய், பீட்ரூட் பயிரிட்ட தோட்டங்கள். மணலில் நீர் நிற்காது என்பதால் கிணற்று நீரைக் குழாய்களில் ஏற்றித் தூவிக்கொண்டே இருப்பார்கள். நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வெகு தூரத்திலேயே தெரியும். கடலோரமாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். பாதையின் முடிவில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை.

இந்தப் பாதையில் வாகனம் ஓட்டுகிறவர்கள் அதிகம் பயப்படுவது கழுதைகளுக்குத்தான். புத்தளத்துக் கழுதைகள் யாருக்கும் வழி விடுவதில்லை. இரவில் தார் வீதியின் சூட்டுக்கு நடு றோட்டிலேயே படுத்துவிடும். ஹோர்ன் அடித்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளும். கற்பிட்டி றோட்டில் மேடு பள்ளம் கிடையாது, ஆகவே பிரேக்குக்கு வேலை இல்லை என்று யாராவது சொன்னால் அவர் கழுதைகளைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

இங்கு வாழும் பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவின் குடும்பங்கள் பல வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கின. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் மொத்தமாகச் சுமார் 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்களில் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். கிடுகுக் கொட்டில்களாக இருந்த முகாம்கள் காலப்போக்கில் கல்வீடுகளாகின. 2009க்குப் பிறகு சிலர் ஊர் திரும்பினார்கள். பலர் இங்கும் அங்குமாக இரண்டு ஊர்க்காரர்களாக வாழ்கிறார்கள். இரண்டு இடத்திலும் விண்ணப்பப் படிவம் நிரப்பி, இரண்டு இடத்திலும் "நீங்கள் அந்தப் பக்கம்" என்று பதில் கேட்ட பெண்கள் எத்தனையோ பேர். எங்கள் பஸ் இந்த ஊர்களுக்குப் போவதற்குக் காரணமும் அதுதான்.

அது ஒரு பழைய பயணிகள் பஸ். ஆசனங்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு ஒரு மேசை, படிவங்கள் வைக்க அலுமாரி, பின்னால் இரண்டு படுக்கை, ஒரு சிறிய காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறோம். வெளிநாடுகளில் இப்படி வீடாக்கிய வாகனத்தை மோட்டார் ஹோம் என்பார்கள். அங்கே அது விடுமுறைக்குப் போகிற வண்டி. எங்களுக்கு அது அலுவலகம். பிறப்பத்தாட்சிப் பத்திரம் தொலைந்தவர்கள், காணிப் பத்திரம் இல்லாதவர்கள், காணாமற்போன கணவரைப் பற்றி இன்னும் எங்கே முறையிடுவது என்று கேட்பவர்கள் இதன் படியில்தான் ஏறுவார்கள். ஒரு சமாதான நீதவானும் சில பயணங்களில் எங்களோடு வருவார்.

இந்த வண்டியில் பிரேக் வேலை செய்வது காற்றினால். கதவு திறப்பதும் மூடுவதும் அதே காற்றினால்தான். எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்பிரஷர் வெளிக் காற்றை உறிஞ்சி, அமுக்கி, இரும்பு டாங்கிகளில் நிரப்புகிறது. சாரதி காலை மிதித்ததும் அந்தக் காற்று குழாய்களின் வழியே சக்கரங்களுக்குப் போய், அங்குள்ள ரப்பர்த் தகட்டைத் தள்ளி, பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. டாங்கியில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று சாரதிக்கு முன்னாலுள்ள ஊசி காட்டும். நல்ல நிலையில் சதுர அங்குலத்துக்கு 100 முதல் 120 இறாத்தல் வரை நிற்கும். சாரதிகள் வெறுமனே "நூறு", "நூற்றிப்பத்து" என்பார்கள். 60 அளவுக்கு இறங்கினால் ஒலிப்பான் கத்தத் தொடங்கும்.

வாசகச் சகோதரிகளில் சிலர், இது ஆண்கள் பார்க்கிற விடயமாயிற்றே என்று பக்கத்தைப் புரட்டக்கூடும். தயவுசெய்து புரட்டாதீர்கள். நம்மில் அனேகர் வாரத்தில் சில நாட்களாவது இப்படிப்பட்ட பஸ்ஸில்தான் பிள்ளைகளோடு போய் வருகிறோம்.

சென்ற சோளகக் காலத்தில் ஒரு நாள். முதல் நாள் ஏத்தாளையில் முகாம் நடத்திவிட்டு, இரவு பள்ளிக்கூட மைதானம் ஒன்றின் ஓரத்தில் பஸ்ஸிலேயே தங்கினோம். காலையில் கண்டக்குழிக்குப் போகவேண்டும். எஞ்சினை முடுக்கினால் ஐந்தாறு நிமிடங்களில் காற்று நிரம்பிவிடும். அன்று கால் மணி நேரமாகியும் ஊசி எழுபதைத் தாண்டவில்லை. ஒலிப்பான் அடங்கிவிட்டது என்பதால் சாரதி நானா, "போகலாம் மிஸ், எஞ்சினைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்கிட்டாப் போதும்" என்றார். முப்பது வருடங்கள் ஓட்டியவர். பொய் சொல்லும் மனிதர் அல்லர். கண்டக்குழியில் பெண்கள் காலையிலிருந்து காத்திருப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் டயர்க்கடை ராத்தா வந்தார். எருக்கலம்பிட்டியிலிருந்து 1990இல் வந்தவர். கணவர் மன்னாரிலிருந்து கொழும்புக்குக் கருவாடு ஏற்றிய லொறியின் சாரதியாக இருந்து, இடம்பெயர்ந்த பின் றோட்டோரத்தில் டயர் ஒட்டும் கடை போட்டவர். அவர் மௌத்தாகிய பின் கடையை இந்தப் பெண்தான் நடத்தி வருகிறார். முதல் நாள் தன் மகளின் பத்திரம் சம்பந்தமாக எங்களிடம் வந்திருந்தார். எஞ்சின் நீண்ட நேரம் உறுமும் சத்தம் கேட்டு வேலியோரம் வந்து நின்றவர், "மகள், முதல்ல எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்க. எஞ்சின் சத்தத்தில காத்துப் போற சத்தம் கேக்காது" என்றார்.

எஞ்சின் நின்றதும் எங்கள் எல்லோருக்குமே கேட்டது. பாம்பு சீறுவது போல ஒரு மெல்லிய சத்தம். இரவெல்லாம் நாங்கள் அதன் மேல்தான் படுத்திருந்தோம்; வெளியே சோளகக் காற்றின் இரைச்சலில் எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சற்று விபரமாக எழுதுகிறேன். இதைத் தெரிந்துகொள்ள எந்தப் பட்டமும் தேவையில்லை.

முதல் வேலையாக ராத்தா சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகள் வைக்கச் சொன்னார். சோதனையின் நடுவில் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டியிருக்கும்; சமதரையிலும் வண்டி உருளலாம். பிறகு ஒரு போத்தலில் சவர்க்காரத் தூளைக் கரைத்து, மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். கசிகிற இடத்தில் ஊற்றினால் நுரை கொப்பளிக்கும். எங்கள் அலுவலகத் தங்கச்சி ஒருத்தி, "காஸ் சிலிண்டருக்கு நாங்க செய்த மாதிரியே" என்றாள். 2021இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது இந்த நுரை வித்தையைச் செய்யாத குசினியே இல்லை. பஸ்ஸின் அடியிலும் அதே வித்தைதான்.

சோதனையை மூன்று தடவையாகச் செய்தோம். முதலில் ஹேண்ட் பிரேக் போட்டபடி, யாரும் எதையும் மிதிக்காமல். அந்த நிலையிலேயே காற்று போனால் கோளாறு டாங்கியிலோ, அதற்கு வரும் குழாயிலோ, கதவின் சிலிண்டரிலோ இருக்கவேண்டும். இரண்டாவது, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு. அப்போது மட்டும் சீறினால் கோளாறு ஹேண்ட் பிரேக்கின் பகுதியில். மூன்றாவது, ஒருவர் கால் பிரேக்கை மிதித்து அப்படியே பிடித்திருக்க வேண்டும். அப்போது மட்டும் சீறினால் மிதி வால்வு, அல்லது சக்கரத்துக்குப் போகும் ஹோஸ், அல்லது சக்கரத்திலுள்ள ரப்பர்த் தகடு. வீட்டில் மின்சாரம் நின்றால் எந்த அறையில் கோளாறு என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்க்கிறோமே, அதே முறைதான்.

முதல் சோதனையிலேயே டாங்கியின் அடியில் நுரை பொங்கியது. டாங்கியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற அங்கே ஒரு சிறிய வால்வும் இழுப்பதற்கு ஒரு வளையமும் உண்டு. காற்று டாங்கியில் தண்ணீர் எப்படி வந்தது என்று நானும் கேட்டேன். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அதை எட்டு மடங்குக்கு மேல் அமுக்கி, பிறகு ஆறவிட்டால், சோற்றுப் பானை மூடியில் நீர் கோப்பது போல டாங்கியின் உட்சுவரில் நீர் கோக்கும். தினமும் வெளியேற்றாவிட்டால் இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியிலிருந்து உப்புக் காற்று தின்னும். ராத்தா வளையத்தை இழுத்தார். தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர் துருத் தூளோடு பீறிட்டது. நாலைந்து தடவை இழுத்து விட்டதில் வால்வின் வாயில் சிக்கியிருந்த துகள் வெளியேறி அது ஒழுங்காக மூடிக்கொண்டது. எஞ்சினை மீண்டும் முடுக்கினோம். ஊசி 110க்கு ஏறியது. சாரதி நானாவின் முகத்தில் சிரிப்பு வந்தது.

ராத்தா விடவில்லை. "இன்னும் முடியல்ல" என்றார்.

இரண்டாவது சோதனையில் ஒரு நிமிடத்தில் ஊசி ஒன்றளவுதான் இறங்கியது. அது பாதகமில்லை. இப்படியான தனி வண்டிக்கு நிமிடத்தில் 2 இறாத்தல் வரை போகலாம், பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது 3 வரை போகலாம் என்பது உலகின் பல இடங்களில் சாரதிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவு. மூன்றாவது சோதனையில் நானா மிதித்ததும் ஊசி ஒருமுறை இறங்கி நின்றது. அந்த முதல் இறக்கம் இயல்பானது, அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதன் பிறகு நிற்கவேண்டிய ஊசி நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு நிமிடத்தில் பதினைந்தைக் கடந்துவிட்டது. பின் இடது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ், இணைப்புக்குப் பக்கத்தில் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. சவர்க்கார நீர் பட்டதும் கோழிமுட்டை அளவுக்குக் குமிழி வந்தது.

அந்த வெடிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 2022இல் டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் பஸ் மாதக்கணக்கில் வெயிலில் ஓடாமல் கிடந்தது. ஓடுகிற வண்டியைவிடக் கிடக்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும். ரப்பர் காய்ந்து இறுகிவிடும். டாங்கியில் தண்ணீர் தேங்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் பரவலாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் வயதான வண்டிகளை ஒட்டியும் கட்டியும் ஓட்டுவதைத் தவிர எவருக்கும் வேறு வழியிருக்கவில்லை. உதிரிப்பாகங்களின் விலையோ சொல்லவே வேண்டாம்.

சாரதி நானா ஒரு வழி சொன்னார். அந்த ஹோஸை மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால் காற்றுப் போகாது. மற்றச் சக்கரங்களின் பிரேக்கில் மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். இது அவர் கண்டுபிடித்த வழியல்ல. எங்கள் வீதிகளில் ஓடும் எத்தனையோ லொறிகள் இப்படித்தான் கராஜ் வரை போகின்றன. ஆனால் ஒரு பக்கச் சக்கரத்தில் பிரேக் இல்லாத வண்டியை அவசரமாக நிறுத்தினால் அது நேராக நிற்காது, ஒரு பக்கமாக இழுக்கும். ராத்தா இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. தன் கணவரோடு ஓடிய ஒரு லொறி மதுரங்குளிப் பக்கம் அப்படிப் போய்த்தான் ஒரு வேலிக்குள் பாய்ந்தது என்றும், வேலிக்கு உள்ளே யார் இருந்தார்கள் என்பதைத் தன் கணவர் கடைசிவரை தன்னிடம் சொல்லவில்லை என்றும் மட்டும் சொன்னார்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். காற்றுப் போனால் பஸ் தானாக நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. 1869இல் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் ரயிலுக்குக் காற்றுப் பிரேக்கைக் கண்டுபிடித்தபோது, குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும் நிலை இருந்தது. சில வருடங்களில் அவரே அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். காற்றுப் போனால் பிடித்துக்கொள்ளும். இன்றைய பஸ்ஸின் ஹேண்ட் பிரேக்கும் அந்த மாதிரிதான். உள்ளே ஒரு கனத்த சுருள்வில். அதை அமுக்கி வைத்திருப்பது காற்று. காற்று 20, 40 என்ற அளவுக்கு இறங்கினால் வில் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். ஆனால் 70க்கும் 40க்கும் இடையில் என்ன? அங்கே கால் பிரேக் பலவீனமாகிக்கொண்டே போகும், வில்லும் பிடிக்காது, பஸ் ஓடிக்கொண்டிருக்கும். "ஒலிப்பான் அடங்கிவிட்டது, போகலாம்" என்பது நம்மைக் கொண்டுபோய் விடுவது அந்த இடைவெளிக்குள்தான். இன்னொன்று: அந்த வில் இருக்கும் இரும்புக் கூட்டைப் பழக்கமில்லாதவர் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. ஆளைக் கொல்லும் பலம் அதற்கு உண்டு. ராத்தாவே அதில் கை வைப்பதில்லை.

பஸ்ஸை அசைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அன்றைய பயணத்துக்குப் பொறுப்பு நான். கண்டக்குழிக்குத் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் இருந்த மாதர் சங்கத் தலைவி சற்று நேரம் பேசவில்லை. அன்று கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தவர்கள் இருந்தார்கள். சமாதான நீதவான் அன்று ஒரு நாள்தான் வர ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணுக்குச் சத்தியக் கடதாசி மறுநாளே புத்தளத்தில் கொடுக்கவேண்டியிருந்தது. வாகனத்தைப் பற்றி எடுக்கும் முடிவு எதுவும் வாகனத்தோடு நின்றுவிடுவதில்லை. கடைசியில் அவசரமானவர்கள் இரண்டு முச்சக்கர வண்டிகளில் ஏத்தாளைக்கு வந்தார்கள். நீதவான் எங்கள் நிற்கும் பஸ்ஸிலேயே கையொப்பமிட்டார். முச்சக்கர வண்டிக் கூலியை நாங்கள் கொடுத்தோம். கணக்காளர் அதைப் பற்றி இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

புதிய ஹோஸ் மறுநாள் முதல் பஸ்ஸில் புத்தளத்திலிருந்து வந்தது. கடைக்காரர் நடத்துனர் கையில் கொடுத்து அனுப்பினார். கற்பிட்டி வீதியில் மருந்து, மீன் வலை, கல்யாணப் பிடவை எல்லாம் இப்படித்தான் வந்து சேரும். பழைய ஹோஸைக் கழற்றுமுன் டாங்கிகளிலிருந்த காற்றை முழுதாக வெளியேற்றினார்கள். பொருத்திய பின் மீண்டும் மூன்று சோதனை. பிரேக்கை மிதித்துப் பிடித்திருந்த ஒரு நிமிடத்தில் ஊசி அசையவே இல்லை. கதவுச் சிலிண்டரில் ஒரு சின்னக் கசிவு மிச்சமிருந்தது. அதன் ரப்பர் வளையம் அடுத்த மாதம் மாற்றப்பட்டது.

நான் சமூகவியல் படித்த காலத்தில் பெண்களின் உழைப்பு கணக்கில் வருவதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். டயர்க்கடை ராத்தாவிடம் இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், "நான் எங்க கற்றேன், அவர் செய்யிறதப் பாத்துக்கிட்டு இருந்ததுதான்" என்கிறார். பதினெட்டு வருடங்களாகக் கடையைத் தனியாக நடத்துகிறவர் சொல்லும் பதில் இது. எங்கள் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "வீட்டுப் பணி" என்றுதான் போட்டிருந்தார்.

படிப்பின்றித் தொழிலைக் கையால் கற்றவர்களுக்கும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ, பெற வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அந்த முறையின் பெயர். வகுப்பில் இருந்து படிக்கத் தேவையில்லை. செய்து வந்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்ட வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலோ, பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ விசாரிக்கலாம். தையல், சமையல், அழகுக்கலை என்று நம்மவர்கள் கேட்பது வழக்கம். வாகனத் தொழிலுக்கும் இது உண்டு. ராத்தாவுக்கு இதைச் சொன்னேன். "இந்த வயசுல எனக்கெதுக்கு" என்றார். அவருடைய மகள் படிவத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் போகும் சகோதரிகளுக்கு, நானும் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பஸ் புறப்படுமுன் சாரதிக்கு முன்னாலுள்ள ஊசியை ஒருமுறை பாருங்கள். ஒலிப்பான் கத்திக்கொண்டிருக்கும்போது பஸ் நகர்ந்தால் நடத்துனரிடம் கேளுங்கள். ஓகஸ்டில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வாடகை பஸ் பிடித்துப் போகிறவர்கள், முற்பணம் கொடுக்கும்போதே பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை விசாரியுங்கள். எஞ்சின் நின்ற பஸ்ஸின் பக்கத்தில் நிற்கையில் சீறும் சத்தம் விடாமல் கேட்டால் சொல்லுங்கள். அவர்கள் சிரிப்பார்கள். எங்கள் நானாவும் முதலில் சிரித்தவர்தான். இப்போது ஒவ்வொரு நாளும் மாலையில் பஸ்ஸை நிறுத்தியதும் குனிந்து அந்த வளையத்தை இழுக்கிறார்.

கண்டக்குழிக்கு ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் வந்தவர்களில் எல்லோரும் மறுபடி வரவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பெயர்களை எழுதத் தொடங்கினோம். மணல் பறந்து படிவங்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தோம்.